மாடி அறைக்கு வந்த பெண்ணும் இரண்டு காகிதங்களும்: ஒரு ஹோஸ்ட் ஃபேமிலியின் விமர்சனம்

வெளிநாட்டு மாணவர்களை நம் வீடுகளில் தங்கவைக்கும் ஏஜென்சி ஒன்றோடு எட்டு வாரம் மல்லுக்கட்டிய அனுபவம் இது. ஏஜென்சியின் பெயரைப் போடப்போவதில்லை. "உங்க வீட்ல வெள்ளைக்காரப் பொண்ணு இருந்துதே, எப்படி, எவ்ளோ குடுத்தாங்க, நாங்களும் சேரலாமா" என்று இதுவரை ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு புதுச்சேரி முதலியார்பேட்டையில் இருக்கிறது. வீட்டுக்காரர் ஏ.எஃப்.டி. மில்லில் வேலை பார்த்தவர். அந்த மில் 2020-ல் அடியோடு மூடிவிட்டது. நான் முப்பது வருடம் பால்வாடி டீச்சராக இருந்தேன். மகள் கல்யாணமாகிச் சென்னைக்குப் போனபிறகு மாடி அறை காலியாகத்தான் கிடந்தது. ஊறுகாய் ஜாடிகளும் ஒரு பழைய தையல் மெஷினும்தான் அங்கே குடியிருந்தன. தெரிந்தவர் ஒருவர் இந்த ஏஜென்சியைப் பற்றிச் சொன்னார். பிரான்ஸ், ஜெர்மனி பக்கத்து மாணவர்கள் படிப்புக்கு நடுவில் கொஞ்ச காலம் வெளிநாட்டுக்குப் போய், ஒரு குடும்பத்தோடு தங்கி, அந்த ஊர் மொழியைக் கற்றுக்கொண்டு, பக்கத்தில் ஏதாவது தொண்டு வேலையும் செய்வார்களாம். பிரான்சில் இதற்காகவே ஒரு பருவமோ ஒரு வருடமோ படிப்பை நிறுத்திவைக்கப் பல்கலைக்கழகம் அனுமதி தருமாம். நாம் செய்ய வேண்டியதெல்லாம் அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் கொடுப்பதுதான். நாளுக்கு 900 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். சரி, ஊறுகாய் ஜாடிக்கு வேறு இடம் பார்த்துவிடலாம் என்று ஒத்துக்கொண்டோம்.

ஏஜென்சியிலிருந்து வீட்டைப் பார்க்க ஒரு தம்பி வந்தார். அறையைப் போட்டோ எடுத்தார், குழாயைத் திருகிப் பார்த்தார், வைஃபை இருக்கிறதா என்று கேட்டார். எங்களைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் டீச்சராக இருந்தவள் என்பதுகூட அவருக்குத் தெரியாது. போனபின் வாட்ஸ்அப்பில் ஒரு காகிதம் வந்தது, ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். காரம் சேர்க்கக்கூடாது. காலையில் பிரெட், ஜாம், முட்டை. இரவு எட்டு மணிக்குள் மாணவர் வீட்டில் இருக்க வேண்டும், அதற்குக் குடும்பமே பொறுப்பு. கடைசி வரியில், மாணவரோடு 'உரையாட' வேண்டும் என்று இருந்தது. அதற்கென்ன, வாயா வலிக்கப்போகிறது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

போகிக்கு மூன்று நாள் முன்னால் வந்து இறங்கியது அந்தப் பெண். வயது பத்தொன்பது, பிரான்சில் ரென் என்ற ஊர். சென்னை விமான நிலையத்துக்கு நள்ளிரவு இரண்டு மணிக்குக் கார் அனுப்பி, சொன்ன நேரத்துக்குச் சரியாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஏஜென்சியை இந்த ஒரு விஷயத்துக்கு மனம் திறந்து பாராட்டலாம். சிம் கார்டும் தயாராக வைத்திருந்தார்கள், இன்சூரன்ஸ் காகிதமும் ஒரு நகல் எங்களிடம் கொடுத்தார்கள். மூன்றாம் வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது அதே தம்பி அரை மணி நேரத்தில் பைக்கில் வந்து நின்றார். இல்லாததைச் சொல்லக்கூடாது.

ஆனால் வந்த ஐந்தாம் நாள் மகள் போனில், "சி ஃபார்ம் போட்டியாம்மா?" என்று கேட்டபோதுதான் வயிற்றைக் கலக்கியது. வெளிநாட்டுக்காரர் யார் வீட்டில் தங்கினாலும், ஓட்டலாக இருந்தாலும் தனி வீடாக இருந்தாலும், 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். அந்தப் படிவத்துக்கு அப்போது சி ஃபார்ம் என்று பெயர். தங்கவைக்கிறவர்தான் பதிய வேண்டும். ஏஜென்சி போட்டிருக்கும் என்று நாங்கள் சும்மா இருந்தோம். கேட்டால், "அது ஹவுஸ் ஓனர்தான் மேடம் போடணும், தெரியும்னு நெனச்சோம்" என்றார்கள். அந்தத் தளத்தில் முதலில் நம் வீட்டையே பதிந்து கணக்கு வாங்க வேண்டும். பிறகுதான் பாஸ்போர்ட், விசா விவரங்களை ஏற்ற முடியும். ஒரு நாள் முழுக்க அதிலேயே போனது. தாமதத்துக்கு விளக்கமும் எழுதிக் கொடுத்தோம். நீங்கள் யாராவது இதில் இறங்குவதாக இருந்தால், மாணவர் வருவதற்கு முந்தின வாரமே அந்தக் கணக்கை வாங்கிவைத்துவிடுங்கள்.

இப்போது மொழிக்கு வருகிறேன். எனக்கு ருசியான பகுதி இதுதான்.

ஏஜென்சி அவளுக்குத் தமிழ் கற்க ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருந்தது. முதல் ஆறு பக்கமும் எழுத்துகள், 247-ம் வரிசையாக. ஏழாம் பக்கத்தில் 'நீங்கள் எவ்வாறு இருக்கின்றீர்கள்?' 'நான் நலமாக இருக்கின்றேன்.' பாவம், விமானத்தில் பத்து மணி நேரம் உட்கார்ந்து இதை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறது. முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்காரர் தெருமுனை டீக்கடைக்குக் கூட்டிப்போனார். "ஐயா, எனக்கு ஒரு தேநீர் வேண்டும்" என்றிருக்கிறாள். டீ மாஸ்டர் கையை நிறுத்திவிட்டு, "இன்னாண்ணே, நியூஸ் வாசிக்கிற பொண்ணா?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. தப்பாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சரியாகச் சொன்னதற்கே சிரிக்கிறார்களே என்று அவளுக்குக் குழப்பம்.

அன்று இரவு புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். பால்வாடியில் மூன்று வயசுக் குழந்தைக்கு யாராவது எழுத்திலிருந்தா ஆரம்பிப்பார்கள்? வா, உட்காரு, தா, வேணும், போதும். அதற்குப் பிறகு பாட்டு. எழுத்து கடைசியில்தான் வரும். மறுநாள் சமையலறையில் ஒரு மணையைப் போட்டு அவளை உட்காரவைத்தேன். வெங்காயம் குடு. இது சின்னது, அது பெருசு. உப்பு போட்டாச்சா? இன்னும் போடல. இப்படியே ஒரு வாரம். பத்தாம் நாள் டீக்கடையில் "அண்ணா, ஒரு டீ போடுங்க, சக்கர கம்மி" என்று சொல்லிவிட்டு வந்தாள். மாஸ்டர் காசு வாங்கவில்லையாம்.

சில இடங்களில் அவள் சறுக்குவதும் சில இடங்களில் நம்மைவிட நன்றாக நிற்பதும் வேடிக்கையாக இருந்தது. நீ, நீங்க வித்தியாசத்தை ஒரே நிமிடத்தில் பிடித்துக்கொண்டாள். பிரெஞ்சிலும் அப்படி இரண்டு சொல் இருக்கிறதாம், தூ என்றும் வூ என்றும். ஆனால் மரியாதை கூடிப்போய்ப் பக்கத்து வீட்டு நாய்க்கும், "வாங்க, உட்காருங்க" என்பாள். 'நாம', 'நாங்க' என்று இரண்டு எதற்கு என்பதுதான் புரியவில்லை. அவர்களுக்கு இரண்டுக்கும் ஒரே சொல். ஒருநாள் மதியம் எதிர்வீட்டுப் பெண் வந்தபோது, இவள் "நாம சாப்ட்டோம்" என்றாள். "நான் இன்னும் சாப்புடலியே கண்ணு" என்று எதிர்வீட்டுக்காரி தன் வயிற்றைத் தடவிக்காட்டினாள். அப்புறம் நான் கையாலேயே சொல்லிக்கொடுத்தேன். எதிரில் இருப்பவரையும் சேர்த்துக் கையை வளைத்தால் நாம. நம் நெஞ்சை மட்டும் தொட்டுக்கொண்டால் நாங்க. கிளம்புகிற வரைக்கும் அந்த இரண்டு சொல்லையும் அவள் கையசைக்காமல் சொன்னதில்லை.

ர சொன்னால் தொண்டையிலிருந்து காற்றுதான் வரும். ஆனால் ழ நான்கு நாளில் வந்துவிட்டது. வந்தபிறகுதான் வில்லங்கம். நான் வாழைப்பழம் என்று சொல்லிக்கொடுக்க, அவள் தொண்டு வேலைக்குப் போன டியூஷன் மையத்துப் பிள்ளைகள் வாயப்பயம் என்று சொல்லிக்கொடுத்திருக்கின்றன. எது சரி என்று நோட்டும் பேனாவுமாக வந்து நிற்கிறாள். "கடைல வாயப்பயம், மேடைல வாழைப்பழம்" என்றேன். அப்படியே எழுதிவைத்துக்கொண்டாள்.

ஒருநாள் பஸ்ஸில் அரியாங்குப்பம் பக்கம் போனபோது, 'கொம்யூன் பஞ்சாயத்து' என்ற போர்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இது எங்க வார்த்தை!" என்று கத்தினாளாம். நமக்கு அது பிறந்ததிலிருந்து பார்க்கிற போர்டு. எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீட்டுப் பாட்டி இருக்கிறார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே சொல்தா என்போம். பாட்டி எண்பது வயசிலும் பிரெஞ்சில் பொரிந்து தள்ளுவார். இவள் அங்கே போய் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் தமிழ் மறந்துபோகும். முதலில் எனக்குக் கோபம்தான். பிறகு, சொந்த ஊர்ப் பேச்சை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கேட்டால்தான் என்ன என்று விட்டுவிட்டேன்.

நான்காம் வாரம் ஞாயிற்றுக்கிழமை. காலையில் வழக்கம்போல அவளுக்கு பிரெட்டும் ஜாமும் வைத்துவிட்டு உள்ளே இட்லி எடுத்துக்கொண்டிருந்தேன். எழுந்து வந்து கதவோரம் நின்று பார்த்தவள், மெதுவாக, "அம்மா, இட்லி யாருக்கு?" என்று கேட்டாள்.

"எங்களுக்குத்தான்."

"தமிழ்க்காரங்க காலைல ஜாம் சாப்புட மாட்டாங்களா?"

அந்தப் பெண் நான்கு வாரமாக, தமிழ்க்காரர்களின் காலைச் சாப்பாடே பிரெட்டும் ஜாமும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் வீட்டிலும் அதேதான், என்ன ஒற்றுமை என்று அம்மாவுக்குக் கடிதம்கூட எழுதியிருக்கிறாளாம். நாங்களோ, காரம் ஒத்துக்காது, இட்லி சட்னியெல்லாம் கண்ணில் காட்டக்கூடாது என்று அவள் சாப்பிட்டு எழுந்துபோனபின் ஒளிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஏஜென்சி அப்படி எழுதியிருக்கிறது என்று என் போனில் இருந்த காகிதத்தைக் காட்டினேன். அவள் விறுவிறுவென்று மாடி ஏறி, அவளுக்குக் கொடுத்த காகிதத்தைக் கொண்டுவந்தாள். பிரெஞ்சில் நான்கு பக்கம். சாப்பாட்டு மேஜையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவளுடைய தமிழ் பாதி, என்னுடைய ஆங்கிலம் பாதி, போன் மொழிபெயர்ப்பு மீதி என்று வரிவரியாகப் பார்த்தோம். இட்லி ஆறிப்போனது.

அவள் காகிதத்தில், குடும்பத்தோடு உட்கார்ந்து அவர்கள் சாப்பிடும் அதே சாப்பாடு என்று இருந்தது. எங்கள் காகிதத்தில் காரம் கூடாது. அவள் காகிதத்தில், மாலை நேரம் முழுக்க அவள் விருப்பம். எங்கள் காகிதத்தில் எட்டு மணி. எட்டு ஐந்துக்கு நான் வாசலில் நிற்பதைப் பார்த்து, இந்த அம்மாவுக்கு ஏன் இவ்வளவு சந்தேகம் என்று அவள் நினைத்திருக்கிறாள். அவள் காகிதத்தில் தனிக் குளியலறை, சுடுதண்ணீர் குழாயில். எங்கள் வீட்டில் கீழே ஒன்றுதான், சுடுதண்ணீர் அடுப்பிலிருந்து பக்கெட்டில். அதை அவள் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியைப் படித்து நிறுத்தினாள். 'தினமும் இரண்டு மணி நேரம் தமிழ்ப் பேச்சுப் பயிற்சி, பயிற்சி பெற்ற குடும்ப உறுப்பினரால்.'

"பயிற்சி பெற்றவங்க யாரு?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். வீட்டுக்காரரும் என்னைப் பார்த்தார். எட்டு வாரத் தமிழ் வகுப்பின் ஆசிரியை நான்தான் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. 'உரையாட வேண்டும்' என்று எங்கள் காகிதத்தில் இருந்த ஒற்றை வரிக்கு அங்கே அவ்வளவு பெரிய அர்த்தம். அதற்குத் தனியாகக் கட்டணமும் வாங்கியிருக்கிறார்கள்.

கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். அவள் கட்டியது 1,480 யூரோ, விமானச் சீட்டு தனி. யூரோ தொண்ணூறு ரூபாய் என்று வைத்தாலும் 1,33,000 ரூபாய்க்கு மேல். இதில் 'பெரும்பகுதி குடும்பத்துக்கே போகிறது' என்று காகிதம் சொல்கிறது. எங்களுக்கு வந்தது 56 நாளுக்கு 50,400. அதிலும் இரண்டாம் தவணை அவள் ஊருக்குப் போய் நாற்பது நாள் கழித்துத்தான் வந்தது. நடுவில் ஒருவர் வேலை பார்த்தால் கூலி வேண்டும், அதில் தகராறில்லை. கார் அனுப்பினார்கள், காய்ச்சலுக்கு ஓடிவந்தார்கள். ஆனால் பெரும்பகுதி என்ற சொல்லுக்கு பால்வாடியிலேயே அர்த்தம் சொல்லிக்கொடுத்துவிடுவோம்.

தொண்டு வேலை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாலை நேர டியூஷன் மையம் ஒன்றில் ஆங்கிலம் சொல்லித்தரப் போட்டார்கள். அவளுக்கு ஆங்கிலம் சுமார்தான், அங்கே இருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுடையது அவளுடையதைவிடத் தேவலை. பயிற்சி ஒன்றும் கிடையாது. பிள்ளைகள் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்ததுதான் மிச்சம். படம் வரையச் சொல்லிக்கொடுத்தாள், அது நன்றாக இருந்தது என்றார்கள்.

இதில் ஒரு முக்கியமான ஓட்டை. அவள் வந்தது இ-டூரிஸ்ட் விசாவில். அந்த விசாவில் தொண்டு வேலை செய்யலாம்தான், ஆனால் அதிகபட்சம் ஒரு மாதம், அதுவும் காசோ கைமாறோ எதுவும் வாங்காமல். சான்றிதழ் தராத, முறையான பாடத்திட்டம் இல்லாத குறுகிய கால மொழி வகுப்புக்கும் இடம் உண்டு. விசா தளத்திலேயே எழுதியிருக்கிறது, மகள்தான் தேடிக் காட்டினாள். ஏஜென்சி விற்றதோ எட்டு வாரத் தொண்டு. போனில் கேட்டால், "யாரும் கேக்க மாட்டாங்க மேடம், பாத்துக்கலாம்." அவர் பார்த்துக்கொள்வார், ஆனால் பாஸ்போர்ட் யாருடையது? அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னோம். மாதம் முடிந்த அன்றே டியூஷன் மையத்துக்கு வணக்கம் சொல்லிவிட்டாள். மீதி நாள் கோலம், சமையல், பாட்டி வீடு, பெரிய மார்க்கெட்டில் மீன் விலை கேட்பது என்று போனது. அந்த நாலு வாரத்தில்தான் அவள் தமிழ் ஓடத் தொடங்கியது.

அவளுக்கு இந்தத் தொண்டு விஷயம் புதிதில்லை. பதினேழு வயசில் அவர்கள் ஊர்ப் பக்கம் பழைய கல்சுவர் ஒன்றைச் செப்பனிட இரண்டு வாரம் முகாம் போட்டுத் தங்கியிருக்கிறாள். இந்த முகாம்களின் கதையை ஒருநாள் ராத்திரி வீட்டுக்காரருக்குச் சொன்னாள். முதல் உலகப் போர் முடிந்ததும் 1920-ல், பியர் செரெசோல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், சண்டை போட்ட நாடுகளைச் சேர்ந்தவர்களையே கூட்டிக்கொண்டு பிரான்சில் வெர்தன் பக்கத்தில் இடிந்துபோன ஒரு கிராமத்தைத் திரும்பக் கட்டப் போனாராம். 1934-ல் பீகாரில் பூகம்பம் வந்தபோது அவரே இங்கே வந்தும் வேலை செய்திருக்கிறார். வீட்டுக்காரர் எல்லாம் கேட்டுவிட்டு, "அவரு எந்த ஏஜென்சில வந்தாரு?" என்றார். அதை அவளுக்கு மொழிபெயர்க்க எனக்குச் சிரிப்பு விடவில்லை.

காகிதங்களைப் பார்த்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வீடு மாறிவிட்டது. மூவரும் ஒன்றாக உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். மிளகாய்ப்பொடிக்கு மட்டும் தண்ணீர் சொம்பு பக்கத்தில் இருக்கும். எட்டு மணிக் கணக்கை நானும் அவளும் பேசி ஒன்பதாக்கினோம், பிந்தினால் போன் செய்ய வேண்டும். கடற்கரைச் சாலையில் சாயங்காலம் வண்டிகளை விடமாட்டார்கள், நடக்க வசதி, அங்கேதான் இருப்பாள். மீந்துபோன இரண்டு ஜாம் பாட்டிலும் டியூஷன் பிள்ளைகளுக்குப் போயின.

எங்களை ரென்னுக்கு வரச்சொல்லியிருக்கிறாள். அங்கேயும் விருந்தாளியைக் கூப்பிட்டால் வீட்டுக்காரர் ஒரு காகிதம் வாங்க வேண்டுமாம். நகராட்சியில் 30 யூரோ ஸ்டாம்ப் கட்டி, இன்னார் என் வீட்டில் தங்கப்போகிறார் என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது. நகராட்சிக்கு அவர்கள் சொல்லும் பெயர் மேரி. நம் கடற்கரையில் 2014 மழையில் இடிந்து, திரும்பக் கட்டினார்களே, அந்தப் பழைய நகராட்சிக் கட்டடத்தின் பெயரும் அதே மேரிதான். "எங்க அம்மா மேரிக்குப் போவாங்க, நீங்க சி ஃபார்ம் போட்ட மாதிரி" என்றாள்.

மதிப்பெண் போடச் சொன்னால் ஏஜென்சிக்கு ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் நள்ளிரவுக் காருக்கும் காய்ச்சலுக்கு வந்த பைக்குக்கும். அந்தப் பெண்ணுக்கு மதிப்பெண் போடுவது என் வேலையில்லை. வாடகை வருமானம் என்று நினைத்து இதில் இறங்காதீர்கள். சாப்பாடு, கரண்ட், தண்ணீர் கேன் போக எங்களுக்கு நின்றது இருபதாயிரத்துக்கும் கீழே. இட்லி மாவோடு மாவாக ஒரு ஆளுக்கு மொழி சொல்லிக்கொடுக்கப் பிடிக்கும் என்றால் இறங்கலாம்.

போன வாரம் அதே தம்பி போன் செய்தார். ஜூனில் ஜெர்மனியிலிருந்து இரண்டு பையன்கள் வருகிறார்களாம், மாடி அறை காலியா என்று கேட்டார். காலிதான். அந்தப் பையன்களுக்குக் கொடுக்கும் காகிதத்தை முதலில் எனக்கு அனுப்புங்கள், எங்களுக்குக் கொடுக்கும் காகிதத்தை அவர்களுக்கு அனுப்புங்கள், பிறகு பேசலாம் என்று வாட்ஸ்அப்பில் எழுதிப்போட்டேன். இரண்டு நீல டிக்கும் விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை. ஊறுகாய் ஜாடிகளை நானும் இன்னும் மேலே ஏற்றவில்லை.